விஸ்கி பாட்டிலுக்குச் சாட்சி வைத்தவர்: யார் இந்த கர்னல் டெய்லர்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் வழியாக சேத்தூர் போகும் சாலையில் பயணித்தவர்களுக்குப் பழகிய காட்சி இது. பஸ் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பால்கோவா போர்டுகள். எல்லாவற்றிலும் அதே ஊர்ப் பெயர். இதில் எது அசல், எது பெயரை மட்டும் கடன் வாங்கியது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? இந்தக் குழப்பம் முற்றிப்போய்த்தான், 2019ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வந்தது. ஊர்ப் பெயருக்கே ஒரு சட்டப் பாதுகாப்பு.

இதே பிரச்சினை சுமார் 150 வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் போர்பன் விஸ்கிக்கு வந்தது. ஒரு வித்தியாசம். பால்கோவாவில் கலப்படம் செய்தால் நாக்கு ஏமாறும். அங்கே உயிருக்கே உத்தரவாதம் இல்லாமல் போனது. அந்தச் சண்டையில் முன்னால் நின்றவர் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர். கென்டக்கி மாநிலம் தரும் கௌரவப் பட்டத்தால் கர்னல் டெய்லர். போர்க்களத்தில் வாங்கிய பட்டம் அல்ல.

இன்று விலை கட்டுப்படியாகிற காஸ்க் ஸ்ட்ரெங்த் போர்பன் எது என்று தேடுபவர்கள் அடிக்கடி போய் நிற்கும் பெயர் ஸ்டாக். அந்த ஸ்டாக் யார் தெரியுமா? டெய்லரின் ஆலையைக் கடனுக்காகக் கைப்பற்றியவர். கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. ஆனால் அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

42.8 என்ற விசித்திர எண்

டாஸ்மாக் பாட்டில் எதையாவது திருப்பிப் பாருங்கள். ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம் என்று இருக்கும். நாற்பது இல்லை, நாற்பத்து மூன்றும் இல்லை. அதென்ன 42.8?

வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு அது. பிரிட்டிஷ் அரசு சாராயத்துக்கு வரி போட, அதன் வீரியத்தை அளக்க வேண்டியிருந்தது. பார்தலோமியூ சைக்ஸ் என்ற சுங்க அதிகாரி உருவாக்கிய மிதவைமானியை 1816ல் சட்டப்படி ஏற்றுக்கொண்டார்கள். அந்த அளவுகோலில் 57.1 சதவீத ஆல்கஹால்தான் 100 புரூஃப். அதில் முக்கால் பங்கு 75 புரூஃப். ஆல்கஹால் அளவாகச் சொன்னால் 42.8 சதவீதம். வெள்ளைக்காரன் போய்விட்டான், சைக்ஸ் இன்னும் சேத்தூர் வரைக்கும் லேபிளில் உட்கார்ந்திருக்கிறார்.

அமெரிக்கர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று சதவீதத்தை இரண்டால் பெருக்கிவிட்டார்கள். அங்கே 50 சதவீதம் என்றால் 100 புரூஃப். இந்த 50 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெய்லரின் வாழ்க்கையே அதைச் சுற்றித்தான்.

காஸ்க் ஸ்ட்ரெங்த் என்பது வேறு. பீப்பாயில் இருந்து இறக்கியதைத் தண்ணீர் ஊற்றித் தணிக்காமல், என்ன வீரியத்தில் இருக்கிறதோ அதே வீரியத்தில் பாட்டிலில் அடைப்பது. அது 55 ஆகவும் இருக்கலாம், 67 ஆகவும் இருக்கலாம்.

தந்தையை இழந்த பையன், வங்கிக்காரர் ஆனது

டெய்லர் 1830 பிப்ரவரி 12 அன்று கென்டக்கியின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தை இறந்துபோனார். உறவினர் வீடுகளில்தான் வளர்ப்பு. அந்த உறவினர்களில் ஒருவர் ஜகாரி டெய்லர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். பிறகு ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சித்தப்பா வீடு. அவர் பெயரும் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர், தொழில் வங்கி. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் யாருக்கு? பையன் தன் பெயருக்குப் பின்னால் ஜூனியர் சேர்த்துக்கொண்டான். மகன் இல்லாமலேயே ஜூனியர் ஆன கதை.

சித்தப்பா வழியில் இவரும் வங்கிக்குள் நுழைந்தார். விஸ்கி ஆலைகளுக்குப் பணம் கொடுத்து வாங்குவது வங்கியின் வேலைகளில் ஒன்று. இப்படித்தான் தொழில் பழக்கமானது. காய்ச்சுபவராக இல்லை, கணக்குப் பார்ப்பவராக உள்ளே வந்தார் என்பது முக்கியம். நல்ல சரக்கு ஏன் நஷ்டப்படுகிறது, கெட்ட சரக்கு ஏன் லாபம் பார்க்கிறது என்ற கேள்வி காய்ச்சுபவருக்குத் தோன்றுவதைவிட வங்கிக்காரருக்குச் சீக்கிரம் தோன்றும்.

1866ல் ஐரோப்பா போய் அங்கே எப்படி வடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். சில ஆண்டுகளில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கென்டக்கி ஆற்றங்கரையில் ஒரு பழைய ஆலையை வாங்கி, ஓ.எஃப்.சி. என்று பெயர் வைத்தார். பழைய முறையில் நெருப்பில் காய்ச்சும் செம்புக் கலம் என்பதன் சுருக்கம். 1873ல் ஆலையை இடித்துப் புதிதாகக் கட்டினார். ஊறல் தொட்டிகளுக்கு உள்ளே செம்புத் தகடு. கிடங்குகளுக்கு நீராவிச் சூடு. பீப்பாய்களுக்கு இரும்பு வளையத்துக்குப் பதில் பளபளக்கும் பித்தளை வளையம்.

பித்தளை வளையம் போட்டால் விஸ்கி ருசிக்குமா? ருசிக்காது. ஆனால் மதுக்கடையில் இருபது பீப்பாய் வரிசையில் நிற்கும்போது கண் எங்கே போகும்? டெய்லருக்கு அது தெரியும். கொஞ்சம் பகட்டுப் பேர்வழிதான். இதற்கிடையே ஃபிராங்க்ஃபர்ட் மேயராகவும் இரண்டு கட்டங்களாகச் சுமார் 16 ஆண்டுகள் இருந்தார்.

போர்பன் ஏன் அங்கே?

போர்பன் என்று சொல்ல வேண்டுமானால் தானியத்தில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 சதவீதம், மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் நெருப்பில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இது இன்றைய சட்டம். டெய்லர் காலத்தில் இப்படி எழுதிவைத்த வரையறை எதுவும் கிடையாது.

கென்டக்கியின் ஊற்று நீர் சுண்ணாம்புக்கல் வழியாக வடிந்து வருவது. சுண்ணாம்புக்கல் என்றால் ராஜபாளையத்துக்காரர்களுக்கு சிமென்ட் நினைவுக்கு வரும். கென்டக்கிக்காரர்களுக்கு விஸ்கி. தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் விஸ்கி கறுத்துப்போகும், சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் நீரில் அது குறைவு.

சரக்கு நல்லது, வழி கெட்டது

அன்றைக்கு விஸ்கி பெரும்பாலும் பாட்டிலில் விற்கவில்லை. ஆலையில் இருந்து பீப்பாயாகப் போகும். மொத்த வியாபாரி கை மாறும், கடைக்காரர் கை மாறும். குடிப்பவர் டம்ளருக்கு வரும்போது அதில் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

நடுவில் இருந்த ரெக்டிஃபையர் என்ற கலவை வியாபாரிகள் கையில்தான் சந்தையின் பெரும்பகுதி. மலிவான எரிசாராயத்தை வாங்குவார்கள். நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. பழமை மணத்துக்கு உலர்ந்த பிளம் சாறு. காரத்துக்குப் புகையிலைச் சாறு. சிலர் அயோடின் வரை போனார்கள். காலையில் கலக்கினால் சாயங்காலம் எட்டு வருடப் பழைய போர்பன் ரெடி. டெய்லர் நிஜமாகவே பல வருடம் பூட்டி வைத்து, ஆவியாகிப் போனது போக மிச்சத்தை விற்க வேண்டும். போட்டிக்காரருக்கு ஒரே நாள் வேலை. விலையில் எப்படி மோதுவது?

ரெக்டிஃபையர்கள் எல்லோரும் திருடர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல விஸ்கிகளைச் சுவை பார்த்து நேர்மையாகக் கலந்து விற்றவர்களும் உண்டு. கலப்பது தனிக் கலை. பொய் லேபிள்தான் குற்றம். இந்த வித்தியாசத்தை டெய்லர் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு எதிரி எதிரிதான்.

கடன், ஸ்டாக், கையெழுத்து

பகட்டுக்குப் பணம் வேண்டும். 1870களின் பொருளாதார நெருக்கடியில் டெய்லர் கழுத்து வரை கடனில் மூழ்கினார். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் செயின்ட் லூயிஸ் நகர விஸ்கி வியாபாரி ஜார்ஜ் டி. ஸ்டாக். 1878ல் ஆலை ஸ்டாக் கைக்குப் போனது. தான் கட்டிய ஆலையில், தன் பெயர் போட்ட நிறுவனத்தில், டெய்லர் சின்னப் பங்கோடு வேலை பார்க்கிற நிலை. 1882ல் மின்னல் தாக்கி ஆலை எரிந்தது. மறுபடி கட்டினார்கள்.

சில ஆண்டுகளில் டெய்லர் பிரிந்து போனார். பிரச்சினை அப்போதுதான் பெரிதானது. டெய்லர் பெயரும் கையெழுத்தும் போட்ட பீப்பாய்கள் ஸ்டாக் ஆலையில் இருந்து தொடர்ந்து வந்தன. ஆள் வெளியே, கையெழுத்து உள்ளே. டெய்லர் கோர்ட்டுக்குப் போனார். கலப்படக்காரர்களோடு போட்ட சண்டைக்கும் இந்த வழக்குக்கும் அடிப்படை ஒன்றுதான். லேபிளில் இருக்கும் பெயர், உள்ளே இருக்கும் சரக்கைச் செய்த ஆளின் பெயராக இருக்க வேண்டுமா, வேண்டாமா?

புதிய இடம் கிளென்ஸ் க்ரீக் என்ற ஓடைக்கரை. அங்கே 1887 வாக்கில் ஓல்டு டெய்லர் ஆலையை எழுப்பினார். ஆலையா அது? சுண்ணாம்புக்கல்லில் ஐரோப்பியக் கோட்டை. கோபுரம், தோட்டம், தூண்கள் சூழ்ந்த ஊற்றுக் குளம். ரயிலில் வரும் விருந்தாளிகள் சுற்றிப் பார்த்து, கையில் சின்ன பாட்டிலோடு திரும்புவார்கள். இன்று டிஸ்டில்லரி டூர் என்று டிக்கெட் போட்டு நடத்துகிறார்களே, அதற்கு முன்னோடி இதுதான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, வந்து பாருங்கள் என்று காட்டுவதும் ஒரு லேபிள்தானே.

1897: பூட்டும் சாவியும்

ஆனால் கோட்டை கட்டியதால் புகையிலைச் சாறு நிற்கவில்லை. சட்டம் வேண்டியிருந்தது. அப்போது அமெரிக்க நிதித்துறைச் செயலர் ஜான் ஜி. கார்லைல், அவரும் கென்டக்கிக்காரர். டெய்லர் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1897 மார்ச் 3 அன்று ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து கையெழுத்திட்டார். மறுநாள் அவர் பதவிக்காலம் முடிகிறது. ஒரு நாள் தவறியிருந்தால் கதை வேறு.

பாட்டில்டு இன் பாண்ட் என்ற அந்தச் சட்டம் சொன்னது இதுதான். விஸ்கி ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் ஊற வேண்டும். சரியாக 100 புரூஃபில், அதாவது 50 சதவீதத்தில், பாட்டிலில் அடைக்க வேண்டும். வடித்த ஆலை எது என்று லேபிளில் போட வேண்டும். மூடியின் மேல் அரசு முத்திரைத் தாள் ஒட்டப்படும். கிடங்குப் பூட்டின் சாவி அரசு அதிகாரியிடமும் இருக்கும். முதலாளியே நினைத்தாலும் ராத்திரியில் போய்க் கலக்க முடியாது.

அரசு இதற்கு ஏன் சம்மதித்தது? வரி. கிடங்கில் இருக்கும் சரக்குக்கு வெளியே எடுக்கும்போது வரி கட்டினால் போதும், அதுவரை கணக்கு அதிகாரி கையில். அரசுக்கு வசூல் உறுதி, ஆலைக்கு நம்பிக்கை உறுதி.

இந்த முத்திரை ருசிக்கு உத்தரவாதம் இல்லை. சுமாராக வடித்த விஸ்கியும் நான்கு வருடம் காத்திருந்தால் முத்திரை வாங்கிவிடும். நான்கு வருடம் பணத்தை முடக்கிக் காத்திருக்க வசதியுள்ள பெரிய முதலாளிகளுக்கே இது லாபம் என்று சிறியவர்கள் புலம்பியதிலும் நியாயம் உண்டு. டெய்லர் பொதுநலத்துக்காக மட்டும் போராடினார் என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார். அவருடைய லாபமும் குடிப்பவரின் பாதுகாப்பும் ஒரே திசையில் அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது. 1906ல் அமெரிக்காவில் உணவு, மருந்துக் கலப்படத் தடைச் சட்டம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த சட்டம் இது. உணவுக்கு முன் விஸ்கிக்கு உத்தரவாதம் கிடைத்தது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்காத சரக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தது. மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தப் பாக்கெட்டுகளில் செய்தவர் பெயர் இல்லை, அளவு இல்லை, கேட்க ஆள் இல்லை.

இன்னொன்று. இந்தியாவில் மலிவு விலை விஸ்கி எனப்படுவதில் பெரும்பாலானது தானிய விஸ்கி அல்ல. கரும்பாலைக் கழிவான மொலாசஸில் இருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. சட்டத்துக்கு உட்பட்டதுதான், விஷமும் இல்லை. ஆனால் டெய்லர் உயிரோடு வந்து பார்த்தால் பழைய எதிரிகளின் முகம் நினைவுக்கு வரும்.

கடனாளியும் கடன்காரரும் ஒரே அலமாரியில்

ஃபிராங்க்ஃபர்ட்டில் டெய்லர் இழந்த அந்த ஆலை பின்னாளில் ஸ்டாக் பெயருக்கே மாறியது. இன்று அதன் பெயர் பஃபலோ டிரேஸ். அங்கே இருந்து கர்னல் இ.எச். டெய்லர் என்ற பெயரில் 100 புரூஃப் பாண்டு விஸ்கி வருகிறது. 2002ல் இருந்து ஜார்ஜ் டி. ஸ்டாக் என்ற பெயரில், பல வருடம் ஊறிய காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கியும் வருகிறது. அது ஆண்டுக்கு ஒருமுறை, குலுக்கலில் கிடைத்தால் உண்டு. சாதாரண ஆட்களுக்கு என்று 2013ல் ஸ்டாக் ஜூனியர் வந்தது. வயது குறைவு, வீரியம் அதே ரகம். முதல் தொகுதி 67.2 சதவீதம். அறிமுகத்தில் ஆலை சொன்ன விலை சுமார் 50 டாலர். இப்போது ஜூனியரை எடுத்துவிட்டு வெறும் ஸ்டாக். ஜூனியர் என்ற அடைமொழியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் டெய்லர். அது கடைசியில் ஸ்டாக் பாட்டிலில் போய் ஒட்டியது விதியின் குசும்பு.

பீப்பாயில் ஊற்றும் அளவு அதிகபட்சம் 62.5 தானே, 67 எப்படி வந்தது? கென்டக்கிக் கிடங்குகளின் மேல்தளங்களில் வெயில் கொளுத்தும், காற்று உலர்ந்திருக்கும். மரத்தின் வழியாக ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறும். மிச்சத்தின் வீரியம் ஏறும். குளிரும் ஈரமுமான ஸ்காட்லாந்தில் நேர்மாறு, வருடம் போகப் போக வீரியம் இறங்கும். பெங்களூரு ஆலைகளில் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் காற்றில் போய்விடுகிறது. சேத்தூர் வெயிலில் ஒரு பீப்பாயை வைத்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பாட்டிலுக்கு மார்க் போடுபவர்கள் முதலில் தண்ணீர் சேர்க்காமல் ஒரு சொட்டு. மூக்கைக் கண்ணாடிக்குள் நுழைக்கக் கூடாது, ஆல்கஹால் நெடி மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். வாயை லேசாகத் திறந்து, தூரத்தில் வைத்து முகர வேண்டும். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர், மறுபடி. தண்ணீர் பட்டதும் புதிய வாசனைகள் எழும். ஸ்டாக்கில் பொதுவாகச் சொல்லப்படுவது கருப்பட்டி போன்ற அடர் இனிப்பு, கறுப்புச் சாக்லேட், செர்ரி, கிராம்பு, கடைசியில் லேசான புகை. எரிச்சல் மட்டும் மிஞ்சினால் மார்க் விழும். 65 சதவீதம் என்பது தகுதி அல்ல, அந்த வீரியத்திலும் சுவை தாக்குப்பிடிப்பதுதான் தகுதி.

விலைக்கு ஏற்ற சரக்கா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 65 சதவீதத்தில் இருக்கும் 750 மில்லி பாட்டிலை 42.8க்குத் தணித்தால் ஏறக்குறைய 1,140 மில்லி ஆகும். ஒன்றரை பாட்டில். லேபிளில் எண் இருப்பதால்தான் இந்தக் கணக்கே சாத்தியம். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எச்சரிக்கை. இதில் 60 மில்லி ஊற்றினால் வழக்கமான சரக்கில் 90 மில்லி அடித்த மாதிரி. பழக்கத்தில் லார்ஜ் ஊற்றுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கடைசி வருடங்கள்

டெய்லர் கடைசிக் காலத்தில் ஹியர்ஃபோர்டு மாடுகள் வளர்ப்பதில் இறங்கினார். விஸ்கியைப் போலவே அதிலும் வம்சாவளிதான் பிடித்த விஷயம். 1920ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. கோட்டை ஆலையில் அடுப்பு அணைந்தது. வாழ்நாள் முழுக்கக் கலப்படத்தோடு மோதியவர், கடைசியில் நாடு முழுவதும் கள்ளச்சாராயம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, 1923 ஜனவரி 19 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் 92 வயதில் இறந்தார்.

அந்த மதுவிலக்குக் காலத்திலும் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக்கு விஸ்கி கிடைத்தது. எந்த விஸ்கி? நான்கு வருடம் பூட்டி வைத்த, 100 புரூஃப், அரசு முத்திரை ஒட்டிய பாட்டில். டெய்லர் வாங்கிக் கொடுத்த அதே முத்திரை.

கோட்டை பிறகு பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2018ல் கேஸில் அண்ட் கீ என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். ஆற்றங்கரை ஆலையில் 2016ல் ஒரு பழைய கட்டடத்தின் தரையைத் தோண்டியபோது, 1873ல் டெய்லர் கட்டிய ஆலையின் அஸ்திவாரமும், தீ விபத்துக்குப் பின் அமைத்த ஊறல் தொட்டிகளும் கான்கிரீட்டுக்கு அடியில் அப்படியே இருந்தன. அதில் ஒரு தொட்டியைச் சரிசெய்து, மறுபடி மக்காச்சோள ஊறல் போட்டிருக்கிறார்கள்.